பிறந்தநாளுக்கு முந்தி வந்த பான்சிட்

மருத்துவர் உரிமத் தேர்வில் தேற எழுபத்தைந்து வேண்டும். ஜெர்லின் தகுடார் முதல் தடவை கோட்டைவிட்டாள். இரண்டாம் தடவை எழுபத்தைந்து புள்ளி ஒன்று ஏழு. "ஒரு மார்க்கைக்கூட எம்பொண்ணு வீணாக்கலயே" என்று சொல்லி, பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரச் சந்தையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அவள் அம்மா நெல்டா ஊரைக் கூட்டிச் சோறு போட்டாள்.

ஆனால் ஜெர்லினுக்கு அறுவைசிகிச்சைப் பயிற்சியில்தான் சேர வேண்டும். இரண்டு மருத்துவமனைகள் பதிலே போடவில்லை. மூன்றாவதில் குமாஸ்தா அவள் மதிப்பெண்ணைச் சத்தமாகப் படித்ததோடு, பக்கத்து மேசைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினான். நான்காவது மருத்துவமனை உள்ளே விட்டது, இரண்டு வாரம் சம்பளமில்லாமல் உழைத்துக் காட்டச் சொல்லி. இடம் ஒன்று, ஆட்கள் இரண்டு. மற்றவன் ஏட்ரியன் வில்லரோசா, எண்பத்தெட்டு. தும்மினால்கூடப் பாடப்புத்தகத்தின் பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் தும்முவான்.

உழைத்துக் காட்ட நோயாளி வேண்டாமா? அவசரப் பிரிவில் ஈ ஓட்டினார்கள். மூத்த பயிற்சி மருத்துவன் ருவெல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். டிசம்பருக்குள் இன்னும் பதினோரு அறுவை செய்யாவிட்டால் அவன் இறுதித் தேர்வு எழுத முடியாது. கைக்கு வேலை வராவிட்டால் மதிப்பெண் காகிதம்தான் பேசும், அது என்ன பேசும் என்று ஜெர்லினுக்குத் தெரியும்.

கடைசி ஞாயிறு நண்பகலில், வாழையிலை விரித்த அகலமான மூங்கில்தட்டு நிறைய பான்சிட் நூடுல்ஸ் வந்து இறங்கியது. மேலே இறால், அவித்த முட்டை, அம்மாவின் கையெழுத்தில் 'பிறந்தநாள் வாழ்த்து, இண்டை' என்று ஒரு சீட்டு. இண்டை என்பது அம்மா மகளைக் கூப்பிடும் செல்லப்பெயர். ஜெர்லினின் பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"அடிப்பாவி!" என்று அலறினாள் நர்ஸ் யொலி. "அவசரப் பிரிவுக்குள்ள பான்சிட்டா? நூடுல்ஸ் நீளத்துக்கு நோயாளி வரிசை கட்டுவாங்கன்னு தெரியாது?"

"இதுக்கெல்லாம் ஆதாரமே கிடையாது" என்ற ஏட்ரியன் இரண்டு தட்டு தின்றான்.

அவன் வாய் துடைப்பதற்குள் சேவற்சண்டைக் களத்திலிருந்து ஓர் ஆளைத் தூக்கி வந்தார்கள். காலில் கட்டிய கத்தியால் சொந்தச் சேவலே அவன் தொடையைக் கிழித்திருந்தது. "எதிரிச் சேவலைத் தொடக்கூட இல்ல டாக்டர், துரோகி!" என்று அழுதான். அவனுக்குப் பின்னால் குடல்வால் வீங்கிய மூன்று பேர், தென்னையிலிருந்து விழுந்தவன், அவனைப் பிடிக்கப்போன மச்சான். சேவல் வெட்டு எந்த அத்தியாயத்தில் வரும் என்று ஏட்ரியன் யோசித்து நின்றபோது, ஜெர்லின் பீறிட்ட ரத்தக்குழாயை விரலால் அமுக்கிவிட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து மீன் அறுத்த கை அது, வழுக்கும் எதையும் விடாது. அந்தி சாய்வதற்குள் ருவெல் நான்கு அறுவை முடித்தான். நான்கிலும் எதிரே நின்று கைகொடுத்தவள் அவள்தான்.

மறுநாள் துறைத் தலைவி டாக்டர் சுமகாய்சாய் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"எழுபத்தஞ்சு புள்ளி ஒண்ணு ஏழு. இந்த ஒண்ணு ஏழு எங்கேர்ந்தும்மா வந்துச்சு?"

"கடைசிக் கேள்விக்குக் கண்ண மூடிட்டு 'சி' போட்டேன் மேடம்."

ருவெல் குறுக்கே பாய்ந்தான். "மேடம், எண்பத்தெட்டு வந்தா நமக்கே பாடம் எடுக்கும். இவ வந்தா கேஸ் வரும், என்ன ராசியோ! அதோட, நேத்து இவ விரலை எடுத்திருந்தா அந்த ஆளு சேவலுக்கு முன்னாடி போயிருப்பான்."

தலைவி கையெழுத்துப் போட்டார். "அடுத்த தடவை இறால் கொஞ்சம் தாராளமாப் போடச் சொல்லு உங்கம்மாவ."

ஜெர்லின் சந்தைக்கு ஓடினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "கெடச்சிருச்சும்மா! நீ தேதியை மறந்து அனுப்புனதும் நல்லதாப் போச்சு."

நெல்டா மீன் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "ரெண்டு நாள் வலி கண்டு பெத்தவ நான், எனக்கா தேதி மறக்கும்? யொலி தெனமும் நம்ம கடையிலதாண்டி திங்கிறா. கேஸே இல்ல, மார்க்கைப் பாத்துத்தான் ஆள் எடுப்பாங்கன்னு அவதான் சொன்னா. மார்க்கு என்னால போட முடியாது இண்டை. நூடுல்ஸ் போட முடியும்."