லயத்தை இடிக்கச் சொன்ன கடிதம்

எங்கள் லயத்தை இடித்துவிடும்படி தோட்டத்துத் துரைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன் நான். அதற்கு மூன்று வாரம் முன்னால், அதை இடிக்காமல் விடும்படி எழுதியவனும் நான்தான். அந்த முதல் கடிதத்தை அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்குள் இரண்டு மைல் மேலே நடந்தால் எங்கள் தோட்டம். வானம் வெளுத்திருக்கும் நாட்களில் நமுனுகுல மலை முழுசாகத் தெரியும். எங்களுடையது பத்துக் காம்பரா லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். முன்பக்கம் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் ஒடுங்கிய தாழ்வாரம். அதன் ஒரு மூலையைச் சாக்கால் மறைத்து அடுப்பு வைத்திருப்பார்கள். அறைகளுக்கு நடுவே உள்ள சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. ஒரு முழம் குறைவாக நின்றுவிடும்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. பதுளையில் புடவைக்கடை ஒன்றில் வேலை பார்த்த தாய்மாமனுக்குப் பிள்ளைகள் இல்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைக்கிறேன் என்று கேட்டு என்னை அழைத்துப் போனார். அதே மாதத்தில்தான் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

மாமன் நல்லவர். அத்தையும் கெட்டவள் இல்லை. ஆனால் கடைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் பேச்சே கிடையாது. தட்டை வைத்துவிட்டு அத்தை உள்ளே போய்விடுவாள். நான் தனியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்க உட்காருவேன். பள்ளிக்கூடத்தில் என்னைத் தோட்டத்தான் என்பார்கள். மார்கழி லீவு எப்போது வரும் என்று நாள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மார்கழியில் எங்கள் பக்கம் விடாத மழை. பஸ்ஸை விட்டு இறங்கி நனைந்துகொண்டே ஏறுவேன். கடைசி வளைவில் திரும்பும்போது லயத்துக் கூரை முழுவதும் புகை கசிந்து மழைக்குள் மெல்லப் பரவுவது தெரியும். அந்த வாசனை வந்ததும் நடையை எட்டிப் போடுவேன். அம்மா தலையைத் துவட்டிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைப்பாள். சுடச்சுட ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சாயத்தண்ணி என்கிற பாலில்லாத் தேநீர். நெருப்பு சிவப்பாக நின்று எரியும். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே இருக்கும் இடைவெளியில் ஒரு கை நீளும். கையில் ஒரு பீங்கான் கோப்பை, அதில் கருவாட்டுக் குழம்பு. பக்கத்துக் காம்பராவில் இருந்த பெண்மணியின் கை அது. நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். “புள்ள வந்துருக்குல்ல, குடு” என்று குரல் மட்டும் வரும். யாரோ ஒரு கோடியில் கதை சொல்வார். மறுகோடியில் இருப்பவர் அதற்குச் சிரிப்பார். பத்துக் குடும்பங்களின் பேச்சுக்கு நடுவே நான் கண்ணயர்ந்துவிடுவேன். உலகத்தில் இதைவிட ஒற்றுமையான இடம் எங்கும் இல்லை என்று அப்போது நினைத்தேன். பிறகும் நினைத்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மா நெஞ்சு நோயில் போய்விட்டாள். ஆள் வந்து சொல்லி, மாமனோடு போய்ச் சேரும்போது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நான்கு வருடம் கழித்து அப்பாவும் போனார். அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமாகி, அவளும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அத்தானும் அதே காம்பராவில்தான் இருந்தார்கள்.

படிப்பு முடிந்ததும் பதுளையில் வக்கீல் வேலை பார்க்கும் ஒரு புரொக்டரிடம் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. சுதந்திரம் வந்த வருடமே தோட்டத் தமிழரான எங்கள் ஆட்களின் குடியுரிமையை இல்லாமல் செய்த சட்டமும் வந்திருந்தது. அதை மனுப் போட்டுத் திரும்பப் பெற வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்த மனுக்களும் அப்பீல்களும் முடிந்தபாடில்லை. இன்னார், இன்ன தோட்டத்தில், இத்தனையாம் நம்பர் லயத்தில் பிறந்தார், அங்கேயே தொடர்ந்து குடியிருக்கிறார் என்று நாள் முழுக்க டைப் அடித்தேன். ஒரு மனிதன் இந்த நாட்டுக்காரன் என்று காட்ட ஒரு லயத்து நம்பர்தான் மிஞ்சுகிறது என்பது எனக்குள் ஆழமாகப் பதிந்தது. எங்கள் லயம் என் மனதில் இன்னும் பெரிதானது.

அறுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வெள்ளைக்காரத் துரை போய், சிங்களத் துரை ஒருவர் வந்தார். ஒருநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, இந்த வருடம் ஒரே ஒரு லயத்தை இடித்துப் புது வீடு கட்டக் கம்பெனி சம்மதித்திருக்கிறது, வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுங்கள் என்றாராம். அந்தச் செய்தியோடு அக்கா பதுளைக்கு வந்தாள். நான் வேலை செய்யும் இடத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தேயிலைக் கறை ஏறிய விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றே சொன்னாள்.

“நம்ம லயத்த இடிச்சிட்டுப் புதுசாக் கட்டித் தரணும்னு எழுது தம்பி. எல்லாரும் ஒன்னத்தான் எழுதச் சொல்றாங்க. இங்கிலீசுல நல்லா எழுது.”

சரி என்றேன். அன்று மத்தியானமே தாளை மாட்டினேன். இடிக்க வேண்டும் என்ற சொல் வரும் இடத்தில் கை நின்றுவிட்டது. இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் நான் எழுதி முடித்தது வேறொரு கடிதம். பத்துக் குடும்பங்களும் பல காலமாக ஒற்றுமையாக வாழும் லயம் இது, கூரைத் தகரத்தை மாற்றி, தார் பூசி, சுண்ணாம்பு அடித்துத் தந்தால் போதும் என்று எழுதினேன். ஆங்கிலம் நன்றாகவே அமைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போனேன். இஸ்தோப்பில் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பலகை வைத்து, குடும்பத்துக்கு ஒருவராக வந்து கைநாட்டு வைத்தார்கள். பெரியம்மா மட்டும் பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டே என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள்.

“லயத்த நல்லபடியாச் செஞ்சு தரச் சொல்லித்தான்” என்றேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது அக்கா வழக்கம்போலத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கரிடம் கடிதத்தைப் பற்றி விசாரிக்கப் போயிருக்கிறாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். “என்ன பிள்ளை, கூரை திருத்தித் தரச் சொல்லித்தானே இதிலை கிடக்கு. வீடு கேட்கேல்லையே” என்று சொல்லியிருக்கிறார். அவர் தப்பாகப் படித்துவிட்டார் என்று நினைத்து, இரண்டாம் தடவை படிக்கச் சொல்லியிருக்கிறாள்.

“ஏன் தம்பி அப்படி எழுதுன?”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த லயம் போனால் எல்லாம் போய்விடும் என்றேன். எல்லாம் என்றால் என்ன என்று கேட்டாள். மழையையும் நெருப்பையும் சுவருக்கு மேலே வரும் கோப்பையையும் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கியது. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா கொழம்பு குடுத்தது நெசம்தான். அத நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒனக்கு ஒன்னு தெரியுமா? நீ லீவுக்கு வர்றதுக்கு ஒரு மாசம் முந்தியே அம்மா காஞ்ச வெறகாப் பாத்துப் பொறுக்கி, கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வச்சிரும். நாங்க யாரும் தொடக்கூடாது. மத்த நாளெல்லாம் பச்ச வெறகுதான். கண்ணத் தொறக்க முடியாது. அந்தப் பொகையிலதான் அம்மா இருமி இருமிச் செத்துச்சு.”

அடுப்பை ஊதிவிட்டுத் தொடர்ந்தாள்.

“சொவரு மேல வரைக்கும் இல்லாததால, இருமுற சத்தம் மத்தவங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னு சேலையை வாயில வச்சு அமுக்கிக்கும். நான் பெரிய மனுசியானப்ப அந்தச் சாக்குக்குப் பின்னால ஒக்காந்திருந்தேன். பத்துக் காம்பராவுக்கும் தெரியும். ஒனக்கு அதெல்லாம் தெரியாது. தெரியக்கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு. புள்ள ரெண்டு வாரம் இருக்க வருது, சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லும். நீ நெனச்சுக்கிட்டிருக்கிற லயம் ஒனக்காக நாங்க செஞ்சு வச்சது தம்பி. அதுல நாங்க குடியிருக்கல.”

சொல்லிவிட்டு அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் பீலிக்கரைக்குப் போனாள். நான் அந்த அறையில் தனியாக இருந்தேன். அம்மா படுத்த இடத்துக்கு மேலே சுவர் கருப்பாக இருந்தது. எத்தனையோ தடவை பார்த்த சுவர்தான். என்னை யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது. இருபத்தோரு வயதில், படித்தவன் என்ற பெயரோடு, பத்துக் குடும்பங்களின் பெருவிரலை என் ஞாபகத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் புரொக்டர் ஐயா கோர்ட்டுக்குப் போனதும் இரண்டாவது கடிதத்தை அடித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னல் இல்லாத அறை, புகை, ஒழுகும் கூரை, அந்தக் கூரைக்குக் கீழே நெஞ்சு நோயில் போனவர்கள், எல்லாவற்றையும் எழுதினேன். அழகான வசனம் ஒன்றும் அதில் இல்லை. அடுத்த ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டு, முதல் கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று சொன்னேன். யாரும் என்னை ஏசவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள். அத்தான் தொண்டையைச் செருமிவிட்டு வெளியே போய் நின்றார். பிறகு புதுக் கடிதத்தை வரிக்கு வரி தமிழில் படித்தேன். பெரியம்மா முதல் ஆளாக வந்தாள்.

“இந்தத் தடவ நெசமாத்தான எழுதியிருக்க?”

“ஆமாங்க பெரியம்மா.”

அவள் விரலை அழுத்தி வைத்தாள்.

கடிதம் பிந்திப் போனதால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். கெடவில்லை. எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்காமல் வேறு லயத்துக்காரர்கள் கேட்கவே இல்லையாம். மழை ஓய்ந்து மாசி மாதம் வேலை தொடங்கியது. சாமான்களை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கும் தெரிந்தவர்கள் வீடுகளுக்கும் மாற்றினார்கள். நான் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். எங்கள் காம்பராவுக்குள் முதல் தடவையாக வெயில் விழுந்தது. அறை இவ்வளவு சின்னதா என்று இருந்தது. பத்தடிக்கு மேல் இருக்காது. இதற்குள் நாங்கள் பிறந்து வளர்ந்திருக்கிறோம், அம்மாவும் அப்பாவும் செத்திருக்கிறார்கள்.

அக்கா கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். சுவர் சாயும்போது அவள் விசும்பியதைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன்.

“இடிக்கச் சொன்னதும் நாந்தான். அழுவுறதும் நாந்தான்” என்றாள். “ரெண்டும் இருக்கும்ல.”

அந்த வார்த்தை எனக்கு இன்றும் உதவுகிறது. அவள் வேண்டாம் என்றவை மட்டும்தான் அந்தச் சுவரோடு போயின என்று இல்லை. புது வீடுகள் இரண்டிரண்டாகத் தள்ளித் தள்ளிக் கட்டப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறை, புகை போகக் குழாய், இரண்டு ஜன்னல். பெரியம்மாவுக்குக் கீழ்க் கோடியில் கிடைத்தது. முழங்கால் வலியோடு அவள் மேலே ஏறி வருவது குறைந்தது. ஒருவர் வீட்டில் காய்ச்சல் என்றால் மற்றவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. அத்தான்கூட ஆரம்பத்தில், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்று அலுத்துக்கொண்டார். அக்கா மட்டும் குறை சொல்லவில்லை. ஆனால் எப்போதாவது வேலைக்கு நடுவில் நின்று, எதையோ கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொள்வாள். நான் பார்ப்பதைக் கண்டால் மறுபடி வேலையைத் தொடருவாள்.

பழைய நாட்களை நான் மறந்துவிடவில்லை. மறக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. என் பிள்ளைகளுக்கு அந்த மழையையும் நெருப்பையும் பற்றிச் சொல்வேன். சொல்லும்போது விறகு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கேட்பதற்கு முன்போல இனிப்பாக இருக்காது. பிள்ளைகள் சில நேரம் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள்.

புது வீட்டுக்கு நான் முதலில் போனது ஒரு வேலை நாளில். அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள், மறுபடி மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சோறு மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள். படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி முடித்து, கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள், திரும்பி உள்ளே போய் ஜன்னல் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்தாள். பிறகு வேகமாக நடந்தாள். நேரமாகிவிட்டிருந்தது.