மாடிக்கு மாடி நிற்கும் லிஃப்ட்

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் என் சித்திக்குப் பெயரே ‘லிஃப்ட்டம்மா’தான். அதற்கு முன் அந்தப் பெயர் என் அம்மாவுடையது. அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்ததும் அதே லிஃப்ட், அதே ஸ்டூல் தங்கைக்கு வந்தது. காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பாள். ஊரையே மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் ஒரு படிகூட ஏறாத உத்தியோகம்!

அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரும் கூப்பிடாவிட்டாலும் மாடிக்கு மாடி நிறுத்திக் கதவைத் திறப்பாள். “படியேறி வந்து யாராவது மூச்சு வாங்கிட்டு நிப்பாங்கடி” என்பாள். சித்திக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. நேரே போவாள், நேரே வருவாள்.

அக்காவுக்கு வந்த புற்றுநோய் தனக்கும் வருமோ என்று பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டரம்மா சித்தியிடம் சொன்னார்: “நடந்தா வரவே வராதுன்னு சொல்லமாட்டேன். ஆனா தினமும் உடம்பை அசைச்சா வர்ற வாய்ப்பு குறையும். நடங்க, படி ஏறுங்க. சோதனைக்கும் தவறாம வாங்க.”

அன்றிலிருந்து மதிய இடைவேளையில் லிஃப்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சித்தி படியேறினாள். சில நாளிலேயே முகம் வெளுத்து என்னிடம் வந்தாள்.

“நான் ஏற ஏற அதுவும் கூடவே வருதுடி. மாடிக்கு மாடி நிக்குது, கதவு திறக்குது. உள்ள ஸ்டூல் மட்டும் இருக்கு. வந்து உக்காருன்னு கூப்பிடற மாதிரி இருக்கு.”

“பசி மயக்கம், சித்தி” என்று கேலி செய்தேன். பெரிய தைரியசாலி நான்! மறுநாள் கூடப் போனேன்.

முதல் மாடியில் நாங்கள் கால் வைத்ததும் லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. சாவி சித்தியின் இடுப்பில்தான் இருந்தது. இரண்டாம் மாடியிலும் அப்படியே. நான் சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். சித்திக்கோ கால்வலி, மூச்சிரைப்பு. ஸ்டூலை ஆசையாகப் பார்த்தாள். உள்ளே ஓரடி வைத்தேவிட்டாள்.

கையைப் பிடித்து இழுத்தேன். “வேணாம் சித்தி. எனக்குன்னு நீ ஒருத்திதான் மிச்சம்.”

சித்தி நின்றாள். பிறகு ஸ்டூலைத் தூக்கி வெளியே வைத்தாள். காலி லிஃப்டைப் பார்த்து அழுதுகொண்டே அதட்டினாள்: “உக்காந்தது போதும்க்கா. வெளிய வா. சேர்ந்து நடக்கலாம்.”

கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் அங்கேயே நின்றுவிட்டது. நாங்கள் ஏறினோம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, இடது காலைச் சற்றே இழுத்து நடக்கும் சத்தம். அம்மாவின் நடை எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். அம்மாவுக்கு மூச்சு வாங்கும்.