இரும்புத்தோளன் பரிசலில் ஏறிய கதை

மாரண்டஹள்ளியில் அப்பா நடத்திய தக்காளி மண்டியில் காலை ஏலம் முடிந்து, ஓசூர்ப் பக்கம் போகிற லாரிகளும் கிளம்பிவிட்டால், மதியத்துக்குமேல் அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தேசம். காலி மரப்பெட்டிகள் கோட்டைச் சுவராகும். சிந்திக் கிடக்கிற வைக்கோல் காடாகும். நசுங்கிய பழத்தின் புளித்த வாசம் போர்க்களத்தின் வாசமாகும். எண்பதுகளின் நடுவில் மூன்று முழுப்பரீட்சை லீவுகள் நான் உயிர் வாழ்ந்தது அந்த தேசத்தில்தான்; மிச்ச மாதங்களில் பள்ளிக்கூடம் போய் வந்தேன், அவ்வளவே.

அந்த தேசத்தை உண்டாக்கியவள் என் அக்கா. தக்காளிப் பெட்டிக்கு அடியில் போடப் பெங்களூரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் வரும். அதில் ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையின் ஒற்றைத் தாள் அவள் கையில் மாட்டியது. அப்போது அவள் ஏழாவது முடித்திருந்தாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்தத் தாளோடு மல்லுக்கட்டினாள். வெளிநாட்டில் ஒரு விளையாட்டு இருக்கிறதாம். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதைக்குள்ளே போய், நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். விதிகள் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அந்தப் பக்கம் எந்தத் தக்காளிக்கு அடியில் போய் எந்த ஊரில் இறங்கியதோ! அக்கா அதற்காக ஒரு நிமிஷமும் வருந்தவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, விதிகளை அவளே எழுத ஆரம்பித்தாள்.

எங்கள் பகடை நான்கு புளியங்கொட்டைகள், ஒருபக்கம் தரையில் தேய்த்து வெளுப்பாக்கியவை. ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கொட்டை பரிசு. ஒரு கொட்டை ஒரு பலம். சண்டை வந்தால் பகடையில் விழுந்த வெள்ளைகளோடு அவரவர் பலத்தைக் கூட்ட வேண்டும். யாருக்கு அதிகமோ அவர் வென்றார். அவ்வளவு எளிது.

எளிதாக இருந்ததுதான் வினை. என் வேஷத்தின் பெயர் இரும்புத்தோளன். முழங்கால் வரைக்கும் இரும்புச் சட்டை, கையில் கதாயுதம். மூன்றாவது லீவு தொடங்கியபோது அவனிடம் அறுபத்தொரு பலம் இருந்தது. ஒரு காலி பவுடர் டப்பாவில் போட்டு, நடக்கும்போதே குலுக்கிக்கொண்டு நடப்பேன். தம்பியின் மந்திரவாதிக்குப் பதினைந்து. அவனுக்குக் கதை முக்கியம், டப்பா முக்கியமில்லை.

அந்த லீவுக்குத்தான் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து சித்தியின் மகள் வந்தாள். ஒன்பது வயது. சித்தப்பா அங்கே ஆற்றில் பரிசல் ஓட்டுகிறவர். அவளும் விளையாட வேண்டும் என்றாள். புது ஆளுக்கு மூன்று பலம், அதுதான் விதி. அவள் எடுத்த வேஷத்துக்குப் பெயர்கூட வைக்கத் தெரியவில்லை. "ஒரு பொண்ணு, அவ்ளோதாங்கக்கா" என்றாள். மூன்று கொட்டைகளைப் பாவாடை முனையில் முடிந்துகொண்டாள்.

அறுபத்தொன்றையும் மூன்றையும் ஒரே கதையில் எப்படி நடத்துவது? எனக்கு ஈடுகொடுக்கிற பகை அவளை ஒரே அடியில் கொன்றுவிடும். அவளுக்குச் சமமான பகை என்னைப் பார்த்தாலே காற்றாகிவிடும். அக்கா என் டப்பாவில் கை வைக்கவில்லை. அவளுக்கு இனாமாக ஒரு கொட்டையும் போடவில்லை. கதை நடக்கிற மண்ணைத்தான் சற்றே சாய்த்தாள். நாங்கள் ஓர் ஊருக்குள் நுழைந்தால், இரும்புத்தோளனைக் கண்டு ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தப் பெயரில்லாத பெண்ணை மட்டும் யாரோ கூப்பிட்டு மோர் கொடுத்து, புதையல் இருக்கிற குகைக்கு வழி சொல்வார்கள். குகைவாசல் குறுகல். அவள் உள்ளே போவாள். நான் வெளியே, கொம்பு சீவிவிட்ட காளை மாதிரி, சும்மா நிற்பேன். எங்கள் முகங்களை அக்கா பார்த்துக்கொண்டே கதை சொல்வாள், பழத்தை அமுக்காமலே பதம் சொல்கிற வியாபாரி போல. எந்த முகம் வாடுகிறதோ அந்தப் பக்கம் கதை திரும்பும். அந்த மதியங்களில் என் முகமும் வாடியிருக்கிறது, என் பக்கமும் எத்தனையோ ராட்சசர்கள் வந்து விழுந்திருக்கிறார்கள். அதெல்லாம் என் கணக்கில் வரவில்லை. அவளுக்கு மோர் கிடைத்தது மட்டும்தான் கண்ணில் நின்றது.

ஐந்தாம் நாள் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"இவளோட சண்டை. இரும்புத்தோளன் கூப்புடறான்."

சண்டைக்கு அழைத்தால் மறுக்கக் கூடாது, தோற்ற வேஷம் செத்தது, அதை எடுத்தவர் அந்த லீவு முழுக்கக் கதைக்கு வெளியே. போன வருஷம் அழுது அடம்பிடித்து அந்த விதியை நோட்டில் எழுத வைத்தவனே நான்தான். சித்தி மகள் பாவாடை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். லீவு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஊரில் அவளுக்கு எங்களைத் தவிர யாரையும் தெரியாது.

"ஏண்ணா, வெக்கமா இல்ல? எருமை போயி எறும்போட மோதுது" என்றான் தம்பி.

"விதின்னா விதிதான்" என்றேன்.

"ஆமா, விதின்னா விதிதான்" என்று அக்காவும் சொன்னாள். நோட்டை மெதுவாகப் பிரித்தாள். ஒரு பக்கத்தில் விரல் வைத்து, பாடம் வாசிக்கிற குரலில் படித்தாள்: "சண்டைக்குக் கூப்பிட்டவர் ஆயுதத்தைச் சொல்ல வேண்டும். கூப்பிடப்பட்டவர் இடத்தைச் சொல்ல வேண்டும்."

"கதாயுதம்!" என்றேன் நான்.

சித்தி மகள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "பரிசல்லங்கக்கா. நடு ஆத்துல."

அக்காவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனது. "சரி. ரெண்டு பேரும் பரிசல்ல இருக்கீங்க. துடுப்பு யாருகிட்ட?"

"எங்கிட்ட."

"இரும்புத்தோளன் கதாயுதத்த ஓங்கணும்னா எழுந்து நிக்கணும். நின்னா என்னாகும்?"

"கவுந்துடும். குண்டா இருக்கறவங்க தும்மினாவே எங்கப்பா திட்டுவாரு."

"கவுந்தா நீ?"

"நீந்துவேன்."

"அவன்?"

அவள் முதல்முறையாக என்னைப் பார்த்தாள். "இந்த அண்ணன் போட்டிருக்கற இரும்புக்கு, நேரா அடிக்குத்தான்."

என் அறுபத்தொரு பலத்தில் நீச்சலுக்கென்று ஒன்றுகூட இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்தேன். எல்லாம் பத்திரமாக இருந்தன, எதுவும் உதவவில்லை.

"ஓங்குறியாடா?" என்றாள் அக்கா.

"ஓங்குண்ணா!" என்றான் தம்பி, சாவைப் பார்க்கிற ஆசையில்.

இரும்புத்தோளன் ஓங்கவில்லை. பரிசலின் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் நெஞ்சு நிஜமாகவே தண்ணீர்மேல் ஆடியது. அக்கா இப்போது அவள் பக்கம் திரும்பினாள். "அவன் அடிக்கல. முறை உன்னுது. நீ கவுத்துடலாம். கவுத்தா நீதான் ஜெயிச்ச, அவன் செத்தான். என்னா பண்ற?"

மூன்று வருஷத்து என் ஆள் ஒன்பது வயதுக் கையிலிருந்த துடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தான். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வேணாங்கக்கா" என்றாள் அவள். "ஏத்திட்டா கரை சேத்துடணும். எங்கப்பா சண்டக்காரங்களக்கூட அப்பிடித்தான் சேப்பாரு." கையை நீட்டி, "ஆனா கூலி குடுக்கணும். ஆளுக்கு ஒண்ணு, இரும்புக்கு ஒண்ணு" என்றாள்.

அக்கா சிரித்த சிரிப்பில் பெட்டிமேல் இருந்த நோட்டு கீழே விழுந்தது. நான் இரண்டு கொட்டைகளை எண்ணிக் கொடுத்தேன். கிளம்பும்போது மண்டிக் கதவருகே ஒதுங்கி அவளுக்கு முதலில் வழிவிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு எந்த ஆற்றைக் கண்டாலும் இரும்புத்தோளன் அந்தப் பெயரில்லாத பெண்ணைத் தேட ஆரம்பித்தான். அக்காவும் கதையில் ஆறுகளை அதிகமாக்கிக்கொண்டே போனாள்.

மறுநாள் அக்கா தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்து நோட்டை எடுத்தேன். அந்த விதியை மனப்பாடம் செய்துகொண்டால் அடுத்த சண்டைக்கு ஆகும். அவள் விரல் வைத்துப் படித்த பக்கத்தில் ஒரு மலை வரைந்திருந்தது, மலைமேல் இரண்டு காக்கை. வேறு எதுவும் இல்லை. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். எங்கும் இல்லை. எழுத மறந்திருக்கிறாள். பாவம் என்று நினைத்து, காக்கைக்குக் கீழே பென்சிலால் குண்டுகுண்டாக நானே எழுதிவைத்தேன்: சண்டைக்குக் கூப்பிட்டவர் ஆயுதத்தைச் சொல்ல வேண்டும்...

எழுதும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. முதல் லீவின் இரண்டாம் நாள், மூன்றே பலத்தோடு இருந்த இரும்புத்தோளனை ஒரு கரடி அடித்துக் கொன்றுவிட்டது. நான் தேம்பியதும் அக்கா இதே நோட்டைப் பிரித்து, முதல் தடவை சாகிறவர் தீர்த்தமலைத் தண்ணீர் மூன்று மடக்குக் குடித்தால் எழுந்துகொள்ளலாம் என்று படித்துக் காட்டியிருந்தாள். அதையும் தேடினேன். அதுவும் இல்லை. அதையும் எழுதினேன். இவ்வளவு ஞாபகமறதியை வைத்துக்கொண்டு இவள் வருகிற வருஷம் பத்தாவதை எப்படிப் பாஸ் பண்ணப் போகிறாள் என்று அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.