பெண் கேட்டு வந்த கூடைப்பந்து

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருஷத்தில் நான் கல்யாணத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். நின்றதுதான் பிரச்சினை. உட்கார்ந்தே இருந்திருந்தால் எவனாவது சம்மதித்திருப்பான். பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரம் தின்னும்வரை நன்றாகத்தான் பேசுவார்கள். காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நான் நிமிர்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா என் தலையைப் பார்ப்பாள், பிறகு தன் மகனைப் பார்ப்பாள். "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்பாள். போவார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் எனக்குப் பனைமரம் என்று பெயர். அந்தப் பக்கம் பனைமரமே கிடையாது, அதைக் கண்ணால் பார்த்திராத பயல்களெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்பா முனிசிபாலிட்டியில் தண்ணீர்க்குழாய் வேலைக்கு மண்டோர், பத்து ஆட்களை மேய்ப்பவர், கோபக்காரர். என் விஷயத்தில் மட்டும் அவருக்குக் கோபம் வராது, கவலைதான் வரும். அந்தக் கவலையைப் பார்க்கச் சகிக்காமல் நான் கூன் போட்டே நடக்கப் பழகிவிட்டேன். யாராவது ஒருத்தன் வந்து "எனக்கு இந்தப் பெண் போதும்" என்று சொல்ல மாட்டானா என்று ஏங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு வேறு ஆசையே கிடையாது.

ஒரு நாள் சாயங்காலம், வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு சீனர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், வழுக்கை, வெள்ளைச் சட்டை. கழுத்தில் ஏதோ ஒரு கறுப்புக் கயிறு சட்டைக்குள் போயிற்று. தாயத்து என்று நினைத்தேன். அவரோடு, இரண்டு சந்து தள்ளிக் குடியிருக்கும் செட்டி வீட்டு அம்மாள். நம் மலாக்காச் செட்டிகள்தான். சாமியெல்லாம் நம் சாமி, நெற்றியில் திருநீறு, உடுத்துவது மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டை, பேசுவது மலாய். அந்த அம்மாள் கையில் வெற்றிலைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு முழம் மல்லிகை.

அப்பா தட்டைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்து தோள்துண்டைச் சரிசெய்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். செட்டி அம்மாளுக்கு ஒரு மகன் இருந்தான். சுங்கத்தில் வேலை, நெட்டையன். மாரியம்மன் கோயில் திருவிழாவில் கூட்டத்துக்கு மேலே அவன் தலையும் என் தலையும் மட்டும்தான் தெரியும்.

வந்தவர்கள் விஷயத்தைச் சொல்லவே இல்லை. வெயில், மழை, மெர்டேக்காவுக்கு ஊரில் கட்டியிருக்கிற தோரணம் என்று மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காப்பி கொண்டுபோனேன். வழக்கம்போல் கூன் போட்டேன். சீனர் கையை மேலே தூக்கிக் காட்டி, நிமிர்ந்து நிற்கச் சொன்னார். நிமிர்ந்தேன். அந்த மனுஷர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! லாட்டரி விழுந்தவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். என்னைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு கேள்விகள் வந்தன. உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். மூட்டுவலி உண்டா என்றார். விடியற்காலையில் எழுவாளா, முட்டை சாப்பிடுவாளா, அம்மா வழியில் எல்லாரும் உயரமா என்றார். கடைசியில், குதிப்பாளா என்று கேட்டார்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி மெதுவாகத் தமிழில் சொன்னார். "பாடத் தெரியுமான்னு கேப்பாங்க, சமைக்கத் தெரியுமான்னு கேப்பாங்க. குதிக்கத் தெரியுமான்னு கேக்குறாங்களே, இது என்னா பழக்கம்?"

"செட்டி வீட்டுப் பழக்கமா இருக்கும்" என்றாள் அம்மா.

"இந்த சீனன் யாரு? புரோக்கரா?"

"யாரா இருந்தா என்னாங்க? பொண்ண புடிச்சிருக்கு, தெரியலையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் புடிச்சிருக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் புரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. செட்டி அம்மாள் எழுந்து இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள். அப்பா யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் வாங்கிவிட்டாள். குங்குமமும் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து மற்றதைப் பேசுவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

தட்டு வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. இது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பா செங் தோட்டத்திலிருந்த அத்தைக்கு ஆள் அனுப்பினார், புக்கிட் காதில் என்ற ஊரிலிருந்த சித்தப்பாவுக்கும் சொன்னார். ஞாயிறுவரை நான் தரையில் நடந்ததாக ஞாபகம் இல்லை. சுங்கத்தில் வேலை பார்ப்பவனுக்கு எத்தனை மணிக்குப் பசியாற வேண்டியிருக்கும் என்றெல்லாம் யோசித்தேன். பாவம், அந்த நெட்டையனுக்கு இது எதுவுமே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். சீனர், செட்டி அம்மாள், வெள்ளை உடுப்புப் போட்ட மூன்று பெண்கள். "ஒத்தப்படையில வந்திருக்காங்க, வெவரமானவங்கதான்" என்று அத்தை மெச்சிக்கொண்டாள். மாப்பிள்ளை வரவில்லை. வராமல் இருப்பதுதான் மரியாதை என்று அதற்கும் அத்தையே காரணம் சொன்னாள். மூன்று பெண்களில் ஒருத்தி துணி போட்டு மூடிய தட்டை நடுவில் வைத்தாள். நிச்சயப் புடவை என்ன நிறம் என்று பார்க்கும் ஆசையில் அத்தை மெல்லத் துணியை விலக்கினாள்.

உள்ளே ஒரு நீலக் கால்சட்டை. அதன்மேல் கையில்லாத பனியன், முதுகில் பெரிதாக ஒரு நம்பர்.

"ஐயய்ய, இது என்னாடி கருமம்!" என்று அத்தை கையை உதறினாள். சித்தப்பா சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடித்தார். அப்பா எழுந்துவிட்டார். சீனருக்கும் திகைப்பு. அவர் செட்டி அம்மாளைப் பார்க்க, அந்த அம்மாள் எங்களைப் பார்க்க, கொஞ்ச நேரம் அந்த வீட்டில் யாருக்கும் யாரையும் புரியவில்லை.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் டவுனில் ஒரு கமர்ஷியல் காலேஜில் கணக்குப்பதிவு சொல்லிக்கொடுப்பவர், அங்கே பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்குக் கோச்சும் அவர்தான். போன வருஷத்துப் பெண்கள் பாதிப் பேர் கல்யாணமாகிப் போக, பாக்கிப் பேர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக, மிஞ்சியது இந்த மூவர். குழு சேராவிட்டால் திடலை மூடிச் சைக்கிள் கொட்டகை போட்டுவிடுவார்களாம். அதனால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு வீடாகப் பெண் தேடியிருக்கிறார். மளிகைக் கடையில் முக்காலி போடாமல் மேல்தட்டு பிஸ்கட் டின்னை நான் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, நான் யார் என்று காலேஜில் டைப்பிஸ்டாக இருந்த செட்டி அம்மாளிடம் விசாரித்திருக்கிறார். ஒரு வீட்டில் போய்ப் பெரிதாக ஒன்றைக் கேட்க வேண்டுமானால் முதல் நாள் வெற்றிலை மட்டும் வைக்க வேண்டும், காரியத்தை இன்னொரு நாள்தான் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாள்தான். அவர்கள் வீட்டில் எதற்கும் வெற்றிலைதானாம். நான் பந்து விளையாடினால் டைப்பிங், சுருக்கெழுத்து இரண்டும் இனாமாகப் படிக்கலாம் என்றார் சீனர்.

"என் பொண்ணு கால்சட்டை போட்டுக்கிட்டு ஊர் முன்னால குதிக்கணுமா?" அப்பாவின் குரல் சந்துக்கே கேட்டது. "தட்டைத் திருப்பிக் குடு!"

அம்மா அசையவில்லை. "வாங்குன தட்டைத் திருப்பிக் குடுக்குறதா? குங்குமம் வேற குடுத்தாச்சு. ஏன் அண்ணி, நீங்களே சொல்லுங்க."

அத்தைக்கு வேறு வழியில்லை. சாஸ்திரம் பேசியே பழகிய வாய். "தட்டு திரும்புன வீட்டுல பொண்ணு தங்கிப்போயிடும்னு சொல்வாங்கதான்" என்று இழுத்தாள்.

அப்பா அத்தையை முறைத்தார். கூடப்பிறந்த அக்காவை என்ன செய்ய முடியும்? நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "கால்சட்டை முட்டிக்குக் கீழ இருக்கணும்" என்றார். சீனர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

நான் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன். எதற்கு அழுதேன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளை இல்லையே என்று அழுதேன். ஆனால் என்னைத்தான் வேண்டும் என்று சைக்கிளில் ஒரு மனுஷர் வந்திருக்கிறாரே, அதற்கும் சேர்த்து அழுதேன். பந்துக்காக வந்ததைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்வதா, அவமானம் என்று எடுத்துக்கொள்வதா? ஒரு மண்ணும் விளங்கவில்லை.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். இரண்டு தடவை பந்தை எதிராளி கையிலேயே கொடுத்தேன். ஆனால் கூடைக்குக் கீழே கையைத் தூக்கி நின்றபோது என்னைத் தாண்டி ஒருத்தியாலும் போட முடியவில்லை. கோச் ஓரத்தில் ஓடிக்கொண்டே விசில் ஊதினார். கழுத்துக் கயிற்றில் தொங்கிய விசில். தாயத்து என்று நினைத்தேனே, அதே கறுப்புக் கயிறு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"நான் அன்னைக்கே பாத்துட்டேன்" என்றாள். "காப்பி எடுக்கக் குனிஞ்சாருல்ல, வெளிய விழுந்திச்சு. விசில மாட்டிக்கிட்டு எவன்டி பொண்ணு கேட்டு வருவான்?"

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்ப தெரிஞ்சேதான் தட்டை வாங்குனியா?"

"என்னா ஏதுன்னு தெரியாது. கல்யாணம் இல்லன்னு தெரியும். பள்ளிக்கூட விசயம்னு நெனச்சேன். நேரா கேட்டிருந்தா உங்கப்பா வாசலோட அனுப்பிச்சிருப்பாரு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? ஞாயித்துக்கெழம வரைக்கும் நான்..." கோபத்தில் கையிலிருந்த பனியனைச் சுருட்டி எறிந்தேன்.

அம்மா புளித்தண்ணீரை வடிகட்டிச் சட்டியில் ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"சொன்னா நீ வெக்கப்பட்டிருக்க மாட்ட. நீ வெக்கப்பட்டத பாத்துதான்டி உங்கப்பா நம்புனாரு."