சட்டம் கொடுத்த ஆள்

விரட்டிவிட்டார்களாம். யார் சொன்னது, சித்ராவா? கோவில்பதாகைக் குழாயடிக்கு அவள் வருவதற்கு முன்னால் அவள் வாய் வந்துவிடும். என் தம்பி எத்திராஜ் குடித்துவிட்டுப் போய் நின்றானாம், ஜட்ஜய்யா கழுத்தைப் பிடித்துத் தள்ளினாராம். பீடி வாசனையே ஆகாதவன் அவன். கூடப் பிறந்தவள் சொல்கிறேன், அவனாகத்தான் வேலையை விட்டு வந்தான்.

எத்திராஜ் கோர்ட்டில் டவாலியாக இருந்தவன். சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கினு ஜட்ஜுக்கு முன்னால் நடப்பான். அவன் "உஸ்" என்றால் கறுப்புக் கோட்டெல்லாம் எழுந்து நிற்கும். அடுத்தவன் வாயை மூடுவதே வேலை. அதனால் தன் வாயைத் திறந்து அவனுக்குப் பழக்கமில்லை.

அவன் ரிடையரான கையோடு அந்த ஜட்ஜும் ரிடையராகிக் குமணன்சாவடிப் பக்கம் பங்களா கட்டிக்கொண்டு, "நீயே வந்துடு" என்றார். ரிடையரான ஜட்ஜுக்கு வீட்டு வேலைக்கு ஆள், கார் ஓட்ட ஆள் என்று கவர்மெண்டே செலவைக் கொடுக்கச் சட்டம் இருக்கிறதாம். நாற்று நட்டு இடுப்பு ஒடிந்தவள் முதியோர் பணத்துக்கு ஆபீஸ் ஆபீஸாகப் படி ஏறுகிறாள். அவருக்கு ஆளே வீடு தேடி வருகிறான். ரொம்ப நல்ல சட்டம்.

இவனும் சந்தோஷமாகத்தான் போனான். போனால், நாயைக் குளிப்பாட்ட வேண்டும். காலையில் ஐயா வாக்கிங் போகையில் முன்னால் நடக்க வேண்டும். காலி ரோட்டில் யாரை "உஸ்" என்பது, காக்காயையா? விருந்தாளிகளிடம் இவன் பேரைக்கூடச் சொல்ல மாட்டாராம். "சட்டப்படி எனக்கு வந்த ஆள்" என்பாராம். டிரைவர் கிருபாகரன் சொன்னான். ஐயாவோ, ரசமா சாம்பாரா என்று வீட்டம்மா கேட்டாலும் வாய்தா போடுகிற மனுஷன்.

ஆடி மாசம் எங்கள் வேம்புலியம்மனுக்குக் கரகம் எடுப்பது எங்கள் வீட்டு உரிமை. காப்புக் கட்டினவன் கூழ் ஊற்றி முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு வருஷம் விட்டால் கரகம் பங்காளி வீட்டுக்குப் போய்விடும், திரும்பாது. அதனால் ஆனியிலேயே லீவு கேட்டான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் கேட்டால் அதற்கடுத்த வாரம். ஆடி பிறந்ததும் கடைசியாகக் கேட்டான். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார். கோர்ட்டில் ஜட்ஜ் தலையாட்டி எழுந்தால் விஷயம் முடிந்தது. லீவு கிடைத்துவிட்டது என்று இவன் வந்து காப்புக் கட்டிக்கொண்டான். அவர் தலையாட்டினது டிவி பாட்டுக்கு.

மறுநாள் ஜட்ஜு கார் வந்து நின்றது. விருந்தாளிகள் வருகிறார்கள், நாய் குளிக்கவில்லை, உடனே வரச் சொன்னார் என்றான் கிருபாகரன். எத்திராஜ் மணிக்கட்டைக் காட்டினான். கிருபாகரனும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான், கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினான். தம்பி கரகம் எடுத்தான். தெருவே தண்ணீர் ஊற்றிக் காலைத் தொட்டது. சித்ராவும் தொட்டாள், கேளுங்கள்.

காப்பு அவிழ்த்த மறுநாள் வேலைக்குப் போனான். சாப்பாட்டு மேஜையிலேயே விசாரணை. இட்லியைப் பிட்டுக்கொண்டே ஜட்ஜ் கேட்டாராம்:

"யாரைக் கேட்டு வேலைக்கு வராம நின்ன?"

"உங்களைத்தான் ஐயா. ஆனி மாசத்துலேர்ந்து கேட்டுகினு கீறேன்."

"சட்டம் எனக்கு ஒரு ஆளைக் கொடுத்திருக்கு. அந்த ஆளுக்கு லீவு கொடுக்கணும்னு அதுல எங்கயும் இல்லை. அடுத்த வருஷம் கரகம் கிரகம்னு வரமாட்டேன்னு இப்பவே சொல்லு."

எத்திராஜ் கோர்ட்டில் இத்தனை வருஷம் ஒரு ஜட்ஜுக்கும் எதிர்ப்பேச்சு பேசாதவன்.

"சட்டம்தானே ஐயா ஆளு குடுத்துச்சு," என்றான். "இனிமே நாயையும் சட்டமே குளிப்பாட்டட்டும்."

நில், இன்னும் முடியவில்லை என்று அவர் மேஜையைத் தட்டினார். வீட்டம்மா சமையலறை வாசலில் நின்று சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினாளாம். எத்திராஜ் பின்வாசலுக்குப் போய்ச் செருப்பை எடுத்தான். வேலைக்காரர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்தச் செருப்பை முன்வாசலுக்குக் கொண்டு வந்து, படியில் உட்கார்ந்து நிதானமாகப் போட்டுக்கொண்டு, பெரிய கேட்டைத் தானே திறந்து வெளியே நடந்தான்.