தறியறைக்கு மாட்டிய ஏ.சி.

பங்குனி வெயிலில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடு ஒன்றின் சுவரில் பனிக்கட்டியைப் பார்த்தேன். ஏ.சி.யின் முன்மூடியைத் தூக்கினால் செம்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் தெரிய வேண்டும். அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு விரல் தடிமனுக்கு வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. கீழே வைத்திருந்த அண்டாவில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறையோ வெந்துகொண்டிருந்தது. தறிப்பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்து, "ஊட்டிய உள்ளயே பூட்டி வெச்சிக்கினு எங்களுக்கு ஒரு பிடி தர மாட்டேங்குது தம்பி, உன் மெஷினு" என்றார்.

அவர் எனக்கு உறவில்லை. நான் வேலை பார்க்கும் கடையில் ஏ.சி. வாங்கிய வீடு, அவ்வளவுதான். ஆனாலும் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் ஏணி சாத்தி ஏறியிருக்கிறேன், அந்த ஒரு வீட்டை நினைக்காமல் ஒரு கோடையும் போவதில்லை. அப்போது நான் வேலைக்குப் புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து பாலிடெக்னிக் வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். கூரம் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்த அப்பாவிடம், ஒரு அறைக்கு எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை என்று சொன்னபோது, "அப்போ வெயில அளக்கிறேன்னு சொல்லு" என்றார். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அக்காவுக்கு நரம்பு சம்பந்தமான ஒரு நோய். உடம்பில் சூடு ஏறினால் கால் தளர்ந்துவிடும், பார்வை மங்கும், கையில் பிடித்தது நழுவும். சூடு தணிந்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வெயிலிலிருந்து தள்ளி இருங்கள் என்று சென்னை டாக்டர் சொல்லியிருந்தார். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வெயிலிலிருந்து எங்கே தள்ளிப் போவது? ஓசூரில் இருந்த அவருடைய அண்ணன் ஒரு முடிவு சொல்லிவிட்டார். கத்திரி வெயில் தொடங்கும்போது காரோடு வருவேன், அதற்குள் அந்த அறை குளிர்ந்தால் சரி, இல்லையென்றால் தங்கச்சியைக் கூட்டிப் போய்விடுவேன், இனி அங்கேதான் இருப்பாள் என்று. அவர் கெட்டவரில்லை. தங்கச்சி ஒருநாள் தறிக்குழியிலிருந்து ஏற முடியாமல் தவித்ததைக் கண்ணால் பார்த்தவர்.

அக்கா போய்விட்டால் அவர் மட்டும் போவதாக ஆகாது. அந்த வீட்டில் நெய்தது கோர்வைப் புடவை. உடல் அரக்கு, கரை மாம்பழ மஞ்சள் என்று இரண்டு நிறமும் தனித்தனி இழையாக வந்து ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உடலுக்கான குறுக்கிழை சுற்றிய நாடாவைத் தள்ள, பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளினால்தான் நடக்கும். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கல்யாணமானதிலிருந்து ஒரே பலகையில், ஒரே குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர்கள். வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவர் அதிகம் பேசமாட்டார். அக்கா "ம்" என்பார், இவர் கை நகரும். அந்த "ம்" இல்லாமல் அவரால் சாப்பிடவாவது முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அந்த அறைக்கு நான்தான் அளவெடுத்தேன். நீளம், அகலம், சாயங்காலம் வரை காயும் மேற்குச் சுவர், வெயில் நேராக இறங்கும் மச்சு, உள்ளே இரண்டு பேர் என்று எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து ஒன்றரை டன் என்று எழுதிக் கொடுத்தேன். மாட்டிய அன்று அறை நன்றாகக் குளிர்ந்தது. சில நாளிலேயே ஃபோன் வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் ஐஸ்.

ஐஸ் கட்டினால் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, கேஸ் குறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மெஷினுக்குள் போகும் காற்று குறைந்திருக்க வேண்டும். கேஸ் சரியாக இருந்தது. ஃபில்டரைக் கழற்றினேன், பட்டுப் பிசிறு கொஞ்சம் ஒட்டியிருந்தது, கழுவி மாட்டினேன். உள்ளே சுழலும் விசிறி ஒழுங்காகச் சுற்றியது. ஐஸ் உருகியபின் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன், குறையே இல்லாமல் ஓடியது. இரண்டாம் முறை போனபோதும் அதே கதை. நான் இருக்கும்வரை குளிரும், கிளம்பிப் போனால் ஐஸ் கட்டும். "பொண்ணு பாக்க வந்தவங்க எதிர்ல தலைய குனிஞ்சிக்கினு நிக்கிற மாதிரி நிக்குதுபா. நீ தெருமுனை தாண்டட்டும், அப்பால பாரு அது ஆட்டத்த" என்று அக்கா சிரித்தார். சிரிக்கும்போதே கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். விரல் நடுங்குவதை நான் பார்க்கக்கூடாது என்றுதான்.

நடுவில் ஓசூர்க்காரர் எனக்கே ஃபோன் செய்தார். "சின்ன மெஷினா மாட்டிட்டியாப்பா? உண்மைய சொல்லிடு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்." அன்று வீட்டுக்குப் போய் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். ஒன்றரை டன்தான் வந்தது. கணக்கு சரி, மெஷின் சரி, அக்கா மட்டும் ஊரை விட்டுப் போகப்போகிறார். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுமுறை போனபோது அண்ணனிடம், "நீங்க தறிய நிறுத்தாதீங்கண்ணா. நான் இந்த மூலைல குந்திக்கினு இருக்கேன். நான் வரலன்னு நெனச்சிக்கினு நெய்யுங்க" என்றேன். அவருக்கு அது சங்கடம். வந்தவனை உட்காரவைத்துவிட்டு வேலை செய்வதா? அக்காதான், "அவன் இன்னா விருந்தாளியா? மெஷினோட டாக்டரு. குந்தட்டும்" என்று பலகையில் ஏறி உட்கார்ந்தார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டிழை, அந்தப் பாவின் மேல் போர்த்தியிருந்த ஈரத்துணியை அண்ணன் எடுத்தார். எடுத்தவர் வாளியில் முக்கிப் பிழிந்து, ஸ்டூலில் ஏறி, காற்றை உள்ளே இழுக்கும் ஏ.சி.யின் மேல்வாயில் பரப்பி ஓரங்களைச் சணலால் கட்டினார். பிறகு இறங்கி வந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவைக் கையில் எடுத்தார்.

எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது. தறியறையில் விசிறி போடமாட்டார்கள், ஜன்னலைத் திறக்கமாட்டார்கள், காற்று பட்டால் பட்டிழை காய்ந்து அறுந்துவிடும். இது எனக்கும் தெரியும். ஏ.சி. காற்றிலும் இழை அறுந்திருக்கிறது. காற்று அந்த வழியாகத்தானே உள்ளே போகிறது, அங்கே ஈரத்தை வைத்தால் ஈரத்தோடு வெளியே வரும் என்று அண்ணன் நினைத்திருக்கிறார். தறி நின்றால் பாவு காயாமலிருக்க ஈரத்துணி போர்த்துவது அவர்கள் வழக்கம். வாசலில் யாராவது குரல் கொடுத்தால் முதலில் துணி, அப்புறம்தான் கதவு. என் பைக் சத்தம் கேட்டதும் அந்தத் துணி மேலிருந்து இறங்கிப் பாவுக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அது என் எதிரில் பாவின் மேல்தான் கிடந்தது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

துணியைக் காட்டி விளக்கினேன். மூக்கை அடைத்தால் மூச்சு விட முடியுமா, அதுபோலத்தான் இதுவும், காற்று போகாததால் உள்ளே குளிர் உறைந்துவிடுகிறது என்றேன். அதோடு, எவ்வளவு ஈரம் கொடுத்தாலும் இந்த மெஷின் அதைப் பிழிந்து பைப் வழியாக வெளியே தள்ளிவிடும் என்றேன். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. "அப்போ எங்க வீட்டு ஈரத்ததான் தெருவுல கொண்டுபோய் ஊத்துதா?" அவர் கேட்டு முடிக்குமுன் அக்கா சொன்னார்: "ஊத்தினா இன்னா? திருப்பி வாங்கு. பைப்ப உள்ள திருப்ப முடியுமா, முடியாதா தம்பி?"

முடியும். பைப்பைச் சரிவாக உள்ளே இறக்கி, பாவுக்குக் கீழே நீளமான தகரத் தட்டில் மணல் நிரப்பி அதில் விட்டோம். துணி இனிமேல் மெஷின் பக்கமே போகக்கூடாது. காற்று பாவில் படாமல் மேலே போகும்படி தடுப்புத் தகட்டைத் திருப்பினேன். குளிரை இருபத்தேழு டிகிரியில் நிறுத்தி மெஷினின் விசிறியை வேகமாக வைத்தேன், அப்படி வைத்தால் ஈரத்தை அவ்வளவாகப் பிழியாது. ஃபில்டரை வெள்ளிக்கிழமை தோறும் கழுவச் சொன்னேன். ஐஸ் போய்விட்டது. இழை மட்டும் சில நாள் அறுந்துகொண்டே இருந்தது. மணல் மேல் நனைத்த கோணியையும் விரித்த பிறகுதான் அடங்கியது.

ஓசூர்க்காரர் சொன்னபடியே காரோடு வந்தார். நானும் இருக்க வேண்டும் என்று அக்கா கூப்பிட்டிருந்தார். மூலையில் ஒரு பை தயாராக இருந்தது, அதைக் கட்டி வைத்ததும் அக்காவேதான். வந்தவர் கையைக் காற்றில் நீட்டிப் பார்த்து, "இதுவா ஏ.சி.? புளியமர நிழல்ல நிக்கிற மாதிரி இருக்குது" என்றார். "எனக்கு நிழல் போதும்ணே. நீ குந்து" என்றார் அக்கா. உச்சிவெயில் தாண்டும்வரை இருவரும் நெய்தார்கள். பிறகு அக்கா குழியிலிருந்து காலை எடுத்து, பலகையைப் பிடித்து, எழுந்து நின்றார். மூன்று ஆண்பிள்ளைகளும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். "இன்னாத்துக்கு இப்படி பாக்கறீங்க? காபி போடப் போறேன்" என்று உள்ளே நடந்தார். ஓசூர்க்காரர் காபியைக் குடித்துவிட்டு, பையை அவரே அவிழ்த்து, புடவைகளைக் கட்டில் மேல் அடுக்கி வைத்தார். கார் அவரோடு மட்டும் திரும்பிப் போனது.

இந்த வருஷமும் கோடைக்கு முன் சர்வீஸுக்குப் போயிருந்தேன். நோய் கொஞ்சம் முற்றியிருக்கிறது. அறை குளிர்ந்திருந்தாலும் மதியத்துக்கு மேல் அக்காவின் விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "இருபது, பதினெட்டு, எவ்ளோ கீழ போவுமோ வெச்சிடு. இழை அறுந்தா நான் முடிச்சி போட்டுக்கறேன். அவளுக்கு முடிச்சி போட முடியாதுபா" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ரிமோட்டை வாங்கிக் குறைத்துக்கொண்டே வந்தேன். பலகையிலிருந்த அக்காவுக்கு அந்த பீப் சத்தம் கேட்டுவிட்டது.

"இங்க குடு" என்று கையை நீட்டினார். நடுங்கும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றி இருபத்தைந்தில் நிறுத்தினார். "பாவும் நானும் ஆளுக்குப் பாதி பொறுத்துக்கறோம்" என்றார். ரிமோட்டைப் பலகையில் வைத்துவிட்டு, கரை நாடாவைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் வந்து பக்கத்தில் உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு "ம்" என்றார்.