இஸ்தான்புல்லில் ஒரு சுத்தமான கரண்டி

இஸ்தான்புல் போய்வந்ததிலிருந்து ஏற்காடு பஜாரில் எனக்குப் புது மரியாதை. ஜீப்பில் பக்கத்தில் இடிபடுகிறவர்கூட, "ஏனுங்க, அங்க சாப்பாட்டுக்கு எந்தக் கடைங்க நல்லாருக்கும்?" என்று கேட்கிறார், ஏதோ அடுத்த வாரம் எங்கள் ஊர் மாரமங்கலத்திலிருந்து நேர் பஸ் விடப்போகிற மாதிரி. பாலத்தடியில் மீனை வறுத்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், சுழலும் கம்பியிலிருந்து கறியைச் சீவித் தருவார்கள் என்று அடித்துவிடுவேன். இரண்டையும் நான் மோந்துதான் பார்த்தேன். நாங்கள் போனது புரட்டாசியில்.

என் வீட்டுக்காரி பக்கத்தில் இல்லையென்றால் எனக்குப் புரட்டாசி ஒரு தடையே இல்லை. காபிச் செடிக்குப் பின்னால் நின்று அவித்த முட்டையை விழுங்குகிற ரகம். அவள் அப்படியல்ல. கவுச்சி தொட்ட கரண்டி பட்ட தண்ணீரைக்கூடக் குடிக்கமாட்டாள். "அங்கெல்லாம் நான் பாத்துக்கறேன், வா" என்று மார்தட்டிக் கிளப்பியவன் நான்.

அங்கே வேலை பார்க்கும் மகளை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கத்தான் போனோம். அவள் அறையில் அடுப்பு கிடையாது. கொண்டுபோன தட்டைமுறுக்கு தீர்ந்ததும் ரொட்டி, தக்காளி, மறுபடி ரொட்டி. மூன்றாம் நாள் மத்தியானம், மகள் ஆபீஸ் போயிருந்த நேரம், வீட்டுக்காரி கடைவீதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்குக் கொழம்போட ஒரு வாய் கெடைக்கலீன்னா டிக்கெட்ட மாத்துங்க. நான் ஊட்டுக்குப் போறேன்."

மகளிடம் என்ன சொல்வது? உங்கம்மா ஒரு கரண்டி குழம்புக்காகக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றா?

மகள் காலையிலேயே சொல்லியிருந்தாள்: "கடைக்காரங்க, வேலையாளுங்க சாப்பிடற சின்னக் கடைக்குப் போங்கப்பா. கண்ணாடிக்குள்ள தட்டுத்தட்டா வெச்சிருப்பாங்க, கையக் காட்டுனாப் போதும். எண்ணெயில செஞ்சு ஆறவெச்ச காயா வாங்குங்க, அதுல கறி சேராது. சோறு வேண்டாம், கறித்தண்ணியில வேகவெச்சிருப்பாங்க."

அப்படியொரு கடையில் நுழைந்தோம். கத்தரிக்காய், பீன்ஸ், கொண்டைக்கடலை எல்லாம் இருந்தன. மீசைக்காரச் சமையல்காரர் ஒரே கரண்டியால் கறிக்குழம்பிலும் கத்தரிக்காயிலும் பீன்ஸிலும் மாறிமாறிக் கும்மியடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். டிக்கெட் மாற்றுகிற பார்வை.

அப்போது உள்ளேயிருந்து புதிதாக ஒரு தட்டு பீன்ஸ் வந்தது. யாரும் தொடாத, கன்னி பீன்ஸ். கறிக்குழம்பிலிருந்து எழும்பிய கரண்டி சொட்டச்சொட்ட அதை நோக்கி வந்தது.

"நிறுத்துங்க!" என்று தமிழில் அலறினேன்.

எங்கள் மலையில் கோயில் விருந்தில் பந்தி தடுமாறினால், கை சும்மா இருக்கிறவன் யாரானாலும் சமையற்கட்டுக்குள் புகுந்து வாளியைத் தூக்கிவிடுவான். யாரும் அனுமதி கேட்பதில்லை. என் கால்களும் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் போய், ஆணியில் தொங்கிய வேறொரு கரண்டியை எடுத்து, குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்துவிட்டேன். கழுவும்போதுதான் உறைத்தது, இது வேறொரு நாட்டின் குழாய். போலீஸ், ஜெயில், சேலத்துப் பேப்பரில் என் போட்டோ என வரிசையாகக் கண்முன் வந்தன. கை மட்டும் சோப்பு போட்டுக்கொண்டே இருந்தது.

அந்தரத்தில் நின்ற கரண்டியோடு சமையல்காரர் என்னைப் பார்த்தார். இரு கையும் கூப்பி நின்ற வீட்டுக்காரியைப் பார்த்தார். பிறகு மீசை குலுங்கச் சிரித்து, ஓர் ஏப்ரனை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டார். வரிசையில் நின்ற ஒருவர் என்னிடம் தட்டை நீட்டினார். பழக்கதோஷம், அவருக்குப் பரிமாறினேன்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் அப்பறம் ஊத்தலாம். கரண்டி கழுவுனதுதானுங்களே?"

"ரெண்டு தடவ, அம்மிணி."

"சோப்பு?"

"போட்டேன்."

அந்தப் புது பீன்ஸை அவள் தட்டில் போட்டேன். அவள் ரொட்டியைப் பிய்த்து அதன் எண்ணெயில் தோய்த்து வாயில் வைத்தாள். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். கண்ணை மூடி மென்றாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

"டிக்கெட்டு?"

"அது கெடக்குது. இன்னொரு கரண்டி போடுங்க. கத்தரிக்கா பக்கம் மட்டும் போயிராதீங்க, அதுல அவுரு கரண்டி பட்டிருச்சு."